மேற்கு யன்னலும் சோளகக் காற்றும்

யாழ்ப்பாணத் தீவகத்துச் சுருவிலில் புதுவீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் யன்னலுக்கு ஒதுக்கும் காசு பெரும்பாலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் போய்விடுகிறது. கண்ணாடி தடிப்பாக இருக்க வேண்டும், நிறம் போட்டதாக இருக்க வேண்டும், சட்டம் அலுமினியமாக இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. யன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து இரண்டு முழத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி வருவதே குறைவு. தீவகத்து வீட்டின் சூட்டையும் அதனால் ஏறும் மின்கட்டணத்தையும் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அந்த இரண்டு முழத்துக்கு உண்டு. ஆகவே யன்னலுக்கென்று எடுக்கும் முதற்காசு வெளியே நிழலுக்குப் போக வேண்டும். அடுத்த காசு யன்னல் அகலமாகத் திறப்பதற்கு. மிச்சம் இருந்தால் கண்ணாடிக்கு. இந்த வரிசையை மாற்றினால் செலவு கூடும், சூடு குறையாது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நாலடிக்கு நாலடி யன்னல் ஒன்று மேற்கே பார்த்திருக்கிறது; சாதாரண ஒற்றைக் கண்ணாடி. வெளியே 34 பாகை, அறைக்குள்ளே 29 பாகை செல்சியஸ் என்று வைப்போம். இந்த ஐந்து பாகை வித்தியாசத்தால் கண்ணாடியூடே கடத்தப்பட்டு உள்ளே வரும் வெப்பம் ஏறத்தாழ 45 வாற்று. கூரையில் தொங்கும் மின்விசிறி எடுக்கும் மின்சாரத்தைவிட இது குறைவு. அதே யன்னலில் பின்னேரம் நாலு மணி வெய்யில் நேரே விழும்போது உள்ளே நுழைவது 700 வாற்றுக்குக் கிட்ட. ஒரு ஸ்திரிக்கைப் பெட்டியை அறை நடுவே சூடாக்கி வைத்துவிட்டு மூன்று மணித்தியாலம் பக்கத்தில் இருப்பதற்கு இது அதிகம் குறையாது. இரட்டைக் கண்ணாடி போட்டால் அந்த 45 வாற்றில் பாதி மிஞ்சும். ஆனால் நேர் வெய்யிலில், ஒற்றைக் கண்ணாடி உள்ளே விடுவதில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் அது கூடுதலாக மறிக்கும். ஆக, பெரிய எதிரி வெளிக்காற்றின் சூடு அல்ல, கண்ணாடியில் விழும் வெய்யில். அது கண்ணாடியைத் தொடுமுன் மறிக்கப்பட வேண்டும்.

இரட்டைக் கண்ணாடி என்ற யோசனை பெரும்பாலும் அக்கறையுள்ள இடத்திலிருந்துதான் வருகிறது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரில் அம்மா அப்பாவுக்கு வீடு கட்டக் காசு அனுப்புகிறார்கள். தாங்கள் அங்கே கண்டு பயனடைந்த யன்னலை இங்கேயும் போடச் சொல்கிறார்கள். அவர்கள் கண்டது பொய்யில்லை. தை மாதத்து ரொறன்ரோவில் வெளியே உறைநிலைக்குக் கீழே 10 பாகை, உள்ளே 20 பாகை என்றால் வித்தியாசம் 30 பாகை. அதே அளவு ஒற்றைக் கண்ணாடி வழியே 260 வாற்று இரவும் பகலும் வெளியேறும். அங்கே கண்ணாடியை இரட்டிப்பதுதான் புத்தி. பகலில் உள்ளே வரும் வெய்யிலும் அங்கே வரவு. இங்கே அது செலவு. வெய்யிலின் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சுக் கண்ணாடிகளும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, வேலையும் செய்கின்றன. ஆனால் மூடிக் கிடக்கும்போது மட்டும். காற்றுக்காக யன்னலைத் திறந்த உடனே அந்த விலையுயர்ந்த கண்ணாடி சுவரோடு ஒட்டி நிற்கும் வெறும் தட்டு; வெய்யில் திறந்த வழியால் தாராளமாக உள்ளே வரும். வெளியே இருக்கும் நிழலோ யன்னல் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் வேலை செய்யும். சுருவில் இருக்கும் இந்தத் தீவுக்கு லைடன் என்று தங்கள் ஊர்ப்பெயரைச் சூட்டிய ஒல்லாந்தர் குளிர்நாட்டுக்காரர்தான். இலங்கையில் வீடு கட்டியபோது அவர்களும் ஆழமான விறாந்தை இறக்கி, பலகைக் கதவு போட்ட யன்னல்தான் வைத்தார்கள்.

நிழலும் காற்றும் ஒன்றோடொன்று மோதுமா என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே இயற்கை நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. வீட்டு வரைபடம் கீறும்போதே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சுருவில் வட அகலாங்கு ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் சரியாக நம் உச்சிக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாய்கிறது. ஆகஸ்ட் கடைசிக் கிழமையில் மீண்டும் உச்சிக்கு வரும்வரை, காலையிலிருந்து மாலைவரை, அது வடக்குப் பக்கமே நிற்கும். அந்த நாலரை மாதமும் தெற்குச் சுவரில் நேர் வெய்யில் விழுவதே இல்லை. சோளகம் வீசுவதும் அந்தக் காலத்தில்தான், தென்மேற்கிலிருந்து. வெய்யில் துளிகூட இல்லாமல் காற்று மட்டும் வரும் வாசல் தெற்கு யன்னல் என்று அர்த்தம். ஐப்பசி முதல் மாசி வரையில் கதை தலைகீழ்: சூரியன் தெற்கே போய்விடும், வடக்குச் சுவர் வெய்யில் காணாது, வாடை பெயர்ந்து வடகிழக்கிலிருந்து காற்று வரும். அப்போது வடக்கு யன்னல் முறை. பெரிய யன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே வைத்தால் வருடத்தின் பெரும்பகுதியில் ஏதோ ஒரு பக்கம் வெய்யிலில்லாத காற்றைத் தரும். கிழக்கிலும் மேற்கிலும் சின்ன யன்னல் போதும்.

தெற்கு யன்னலுக்கு மேலே இரண்டடி நீட்டிய கொன்கிறீற் தட்டோ சீற்றோ இருந்தால் பெரும்பாலும் காரியம் முடிந்தது. மார்கழி நடுவில் நண்பகற் சூரியன் தெற்கே 57 பாகை உயரத்தில் நிற்கும். நாலடி யன்னலில் மேலே மூன்றடி நிழலில் இருக்கும், கீழே ஓரடியில் வெய்யில் படும். மார்கழி மழைக்காலம் என்பதால் அந்த ஓரடி வெய்யிலை யாரும் வெறுக்கப்போவதில்லை. மாசி நடுவுக்குள் முழு யன்னலும் நிழலுக்குள் வந்துவிடும். தட்டு யன்னலின் இரு பக்கத்திலும் ஓரடியாவது தாண்டி நீள வேண்டும். யன்னல் அகலத்துக்கே அளந்து நிறுத்தினால் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெய்யில் பக்கத்தால் நுழையும். வடக்கு யன்னலுக்கு ஒன்றரை அடித் தட்டு போதும். ஆனால் ஆனி, ஆடியில் பின்னேரச் சூரியன் வடமேற்கில் இறங்குவதால், யன்னலின் மேற்கு ஓரத்தில் நெட்டாக ஒரு பலகையோ வேலியோரம் ஒரு பூவரசோ நிற்பது நல்லது.

மேற்கு யன்னலை இந்த வழியால் காப்பாற்ற முடியாது. பின்னேரம் நாலு மணி கடந்ததும் சூரியன் 30 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். இரண்டடித் தட்டு அப்போது யன்னலின் மேல் ஓரடிக்குத்தான் நிழல் தரும். முழு யன்னலையும் மறைக்க ஏழடி நீட்ட வேண்டும். ஏழடி என்பது தட்டு அல்ல, விறாந்தை. பழைய வீடுகளில் முன்னும் பின்னும் பத்தி இறக்கியதற்கு ஆட்கள் இருந்து கதைக்க இடம் வேண்டும் என்பது மட்டும் காரணமில்லை. இப்போதைய செலவுத் திட்டத்தில் அந்த ஏழடிக்குக் காசு இல்லையென்றால், மேற்கு யன்னலுக்கு முன்னால் நெட்டான மறைப்பு வேண்டும்: சாய்பலகைக் கதவு, நிழல் வலை, அல்லது தட்டி. எந்த யன்னலுக்கு இது முதலில் வேண்டும் என்று அறிய ஒரு வெண்கட்டி போதும். வெய்யில் எறிக்கும் ஒரு நாளில் மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நிலத்தில் வெய்யில் விழும் விளிம்பைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடுகளுக்குள் அடைபட்ட நிலம் எந்த அறையில் பெரிதோ, அந்த யன்னலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டில் அந்தக் கோடுகளுக்குள் இருந்தால், இரவு பத்து மணிக்கும் மெத்தை ஏன் சூடாக இருக்கிறது என்பதற்கு விடையும் அங்கேயே கிடைக்கும்.

தட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடிய பலன் தருவது அதுதான். யன்னலைவிடச் சுற்றிவர அரையடி பெரிதாகப் பனஞ்சிலாகையில் ஒரு சட்டம். அதில் பின்னிய கிடுகை ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி தும்புக்கயிற்றால் கட்ட வேண்டும், ஓலை நுனி கீழே பார்க்க. அப்போதுதான் மழைநீர் வழிந்து போகும். சட்டத்தின் மேற்பக்கத்தை மட்டும் இரண்டு கொழுக்கியில் தொங்கவிட்டு, சுவருக்கும் தட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இந்த ஒரு சாண் முக்கியம்: வெய்யிலில் காய்ந்த கிடுகின் சூடு அந்த இடைவெளியால் மேலெழுந்து போய்விடும், சுவரில் ஏறாது. மதியத்துக்குப் பின் கீழ்ப்பக்கத்தை ஒரு முண்டுத்தடியால் இரண்டடி வெளியே தள்ளி நிறுத்தினால், வெய்யில் மறையும், தட்டிக்குக் கீழால் சோளகமும் மேற்குக் காற்றான கச்சானும் வரும். வெய்யில் இறங்கியதும் மேலே தூக்கிக் கட்டிவிடலாம். வேலி அடைக்கும் காலத்தில் இரண்டு கிடுகு கூடப் பின்னினால் தட்டியையும் புதுப்பித்துவிடலாம். நிலத்தைத் தொடவிட்டால் கறையான் ஏறும். ஒரு முழமாவது தூக்கி நிற்க வேண்டும். கிடுகு பழைய காலத்து வறுமையின் அடையாளம் என்று நினைக்கிறவர்களின் மனம் புரிகிறது. அவர்கள் அதே வேலையைச் சாய்வாகப் பூட்டிய அலுமினியப் பட்டைகளாலோ மரச் சாய்பலகைகளாலோ செய்துகொள்ளலாம். சாணளவு இடைவெளியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

உள்ளே திரைச்சீலை போட்டிருக்கிறோமே என்பது அடிக்கடி வரும் பதில். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வீட்டுக்காரருக்குத் தரும் வழிகாட்டலில் இரண்டு எண்கள் உண்டு. பின்புறம் வெள்ளைப் பிளாஸ்ரிக் பூசிய நடுநிறத் திரைச்சீலை வெப்ப வரவை 33 வீதம் குறைக்கும். வெளியே நீட்டும் கூடாரத் துணி மேற்கு யன்னலில் 77 வீதம்வரை குறைக்கும். திரைச்சீலையில் வெய்யில் படும்போது அது ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. சூடாகும் துணியும் உள்ளேதான் தொங்குகிறது. வெளியே மறைத்தால் அறை இருண்டுவிடாதா என்று கேட்பது நியாயமே. ஆனால் பளீரென்ற மேற்கு வெய்யிலில் அறைக்கு வருவது கண்கூச்சம். அதைத் தாங்கமாட்டாமல் கடைசியில் திரையை இழுத்து மூடி மின்குமிழைப் போடுவதும் நடக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் திறந்த வானம் தரும் வெளிச்சம் வாசிக்கப் போதும். உள்சுவருக்கும் யன்னல் அடித்தட்டுக்கும் வெள்ளை பூசினால் இன்னும் உள்ளே போகும். இதோடு ஒன்று: மேற்கு வளவில் யன்னலுக்கு முன்னால் இன்ரர்லொக் கல் பதிப்பதைத் தவிருங்கள். தட்டி மறைத்த வெய்யில் கல்லில் பட்டு, கீழால் திரும்பி உள்ளே வரும்.

இனித் திறப்பு. இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதிக்கோவையை வெளியிட்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த பிரதேசத்தில், சென்னை அதில் அடங்கும், வீட்டு நிலப்பரப்பில் குறைந்தது 16.66 வீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது அது. குளிர்ப் பிரதேசத்துக்குக் கேட்பது இதில் சரிபாதி, 8.33 வீதம். நம் காலநிலை சென்னைக் கரையோரத்தோடு சேர்ந்தது. 2012 இலிருந்து வடக்கில் கட்டப்பட்ட இந்திய வீட்டுத்திட்ட வீடுகளை ஒத்த 550 சதுர அடி வீட்டை எடுத்துக்கொண்டால் 92 சதுர அடித் திறப்பு வேண்டும். முன் கதவும் பின் கதவும் 38 தரும். மிச்சம் 54. வழுக்கித் திறக்கும் இரண்டு கண்ணாடி யன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும்; நாலுக்கு நாலு யன்னல் எட்டுச் சதுர அடிதான் தரும், ஆகவே ஏழு வேண்டும். வெளிப்பக்கம் விரியும் கதவு யன்னலை அந்த விதி 90 வீதம் திறப்பதாக எடுக்கிறது. நாலு யன்னலே போதும். அலுமினிய வழுக்கு யன்னல் மலிவு என்று சொல்லும்போது இந்த ஏழையும் நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உடம்பைக் காற்று தொட்டுப் போனால் வெப்பமானி காட்டுவதைவிட இரண்டு மூன்று பாகை குறைவாகவே தோன்றும். அதற்கு வினாடிக்கு ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த காற்றே போதும். சோளக காலத்தில் தீவகத்தில் இல்லாத பொருள் அல்ல அது. ஆனால் காற்று வருவதற்கு, வந்த காற்று போக வழி வேண்டும். இதையும் சோதிக்கலாம். இரவு ஏழு மணிக்குத் தெற்கு யன்னலின் அடித்தட்டில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். உள்கதவெல்லாம் மூடியிருக்கும்போது புகை நேரே எழும்பி, யன்னலடியிலேயே சுழன்று, சில வேளை வெளியே கூடப் போகும். பிறகு வடக்கு யன்னலையும் இடைக்கதவையும் திறந்துவிடுங்கள். புகை அறைக்குள் சரிந்து, ஒரு நூல்போல நீண்டு, வழியைக் காட்டும். அந்த நூல் கட்டிலுக்கு மேலால் போகிறதா, அலுமாரியில் முட்டுகிறதா என்று பார்த்து அலுமாரியை நகர்த்துவதற்குச் செலவே இல்லை. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் செய்தது இதைத்தான்: எந்தப் பக்கத்து அறைக்கும் காற்று வெளியேறும் வாசல் அது.

உப்புக்காற்றையும் கவனிக்க வேண்டும். யன்னலில் அது முதலில் தின்பது சின்னப் பொருட்களை: பிணைச்சல், கொழுக்கி, திருகாணி. இரும்புத் திருகாணியை அலுமினியச் சட்டத்தில் பூட்டினால், திருகாணியைச் சுற்றி வெள்ளைத் தூளும் செம்மண் நிறக் கறையும் காணத் தொடங்கும். அந்த இடத்தில் அலுமினியமும் பொருக்காகும். வழுக்கு யன்னலின் அடித்தடத்தில் மணலும் உப்பும் சேர்ந்து உருளை இறுகிப்போகும், நீர் வடியும் துளை அடைபடும். இறுகிய யன்னலை யாரும் திறக்கமாட்டார்கள், திறக்காத யன்னல் சூட்டை மட்டும் தரும். ஆகவே 316 தரத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி, மரச்சட்டமானால் பித்தளைப் பிணைச்சல் என்று எழுதியே வாங்குங்கள். முதிரை, தேக்கு, வேம்பு மரங்களில் செய்த நிலையும் கதவும் எண்ணெய் பூசி வந்தால் நீண்ட காலம் நிற்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் தடத்தையும் பிணைச்சலையும் துடைக்க வேண்டும். கிணற்று நீர் உவரானால் பிடித்துவைத்த மழைநீரைப் பயன்படுத்துங்கள். உவர்நீரால் கழுவுவது உப்பைக் கூட்டுவதே.

கள்வர் பயத்தாலும் நுளம்பாலும் இரவில் யன்னல் திறக்க முடியாது என்பது சாட்டு அல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதான இருவர் மட்டும் என்ற நிலையில் திறந்த யன்னலோடு படுக்கச் சொல்ல எவருக்கும் மனம் வராது. அதற்குக் கிறில் போட வேண்டும், நாலங்குல இடைவெளிக்கு மேல் விடாமல். அதோடு மேல் கீழாகப் பிரித்த கதவு இருந்தால் கீழ்ப்பாதியைப் பூட்டி மேற்பாதியைத் திறந்து வைக்கலாம். பழைய பலகை யன்னல்கள் பலவற்றில் இந்தப் பிரிப்பு இருந்தது. நுளம்பு வலை காற்றைக் குறைக்கும், உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தில் டெங்கு மாரிக்கு மாரி வருகிறது. வலையைக் கைவிட முடியாது. வலை குறைக்கும் காற்றைப் பரப்பால் ஈடுசெய்ய வேண்டும். முழு யன்னலுக்கும் வலை போட்டுக் கழற்றிக் கழுவக்கூடிய சட்டத்தில் வையுங்கள். தூசியும் உப்பும் அடைத்த வலை துணிக்குச் சமம்.

மழைக்கும் புயலுக்கும் பலகைக் கதவே சரி. 2008 நிசா, 2020 புரேவி காலங்களில் தீவகம் பட்டதை மறந்துவிட்டு வெறும் கண்ணாடியை நம்ப வேண்டாம்.

யன்னலைவிடக் கூரையால்தானே அதிக சூடு இறங்குகிறது என்று ஒருவர் மறுத்தால் அவர் சொல்வது சரி. ஒற்றைத் தட்டு வீட்டில் அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழே சிலிங் இல்லையென்றால் முதலில் கூரையைத்தான் கவனிக்க வேண்டும்.  ஆனால் கூரை திருத்த இலட்சக் கணக்கில் வேண்டும், தட்டி கட்ட ஒரு பகல் வேலை போதும். தவிர, கூரையால் இறங்கிய சூட்டை இரவில் வெளியேற்றுவதும் யன்னல்தான். 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்புகளில் வெப்பமும் காற்றோட்டமும் முக்கிய இடம் பெற்றன. இந்த மண்ணில் வீடு என்றால் காற்று போய்வரும் வீடு என்பதைச் சனங்கள் அறிந்தே வைத்திருக்கிறார்கள்.

ஏசி வேண்டும் என்கிறவர்களையும் தள்ளிவிட முடியாது. நோயாளி இருக்கும் வீட்டுக்கு அது தேவைப்படலாம். அப்படியானால் ஓர் அறையை மட்டும் அதற்கு ஒதுக்குங்கள், முடிந்தால் வடகிழக்கு மூலையில், மேற்குச் சுவர் இல்லாததாக. அந்த அறை யன்னலின் இடுக்குகளுக்கு இறப்பர்ப் பட்டி ஒட்டுங்கள். பூச்சுக் கண்ணாடிக்குக் காசு செலவிடுவதென்றால் அந்த ஒரு யன்னலுக்குச் செலவிடலாம். அந்த யன்னலுக்கும் வெளி நிழல் வேண்டும்: 700 வாற்று வெய்யிலை உள்ளே விட்டுவிட்டு இயந்திரத்தால் வெளியேற்றத் தொடர்ந்து 200 வாற்றுக்கு மேல் மின்சாரம் வேண்டும், மூன்று மின்விசிறியின் அளவு. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது; பிறகு இறங்கியும் ஏறியும் வருகிறது. மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு அலகு விலை வேறு. மின்விசிறியோடு நிற்கும் வீடு அந்தக் கோட்டை ஒட்டி நிற்கலாம். இரவிரவாக ஏசி ஓடும் வீடு நிற்க முடியாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் மின்சாரம் டீசல் இயந்திரத்தை நம்பியே நெடுங்காலம் இருந்தது. சூரிய, காற்று மின்சாரத்துக்கு இந்தியாவின் கொடையாக 1 கோடி 10 இலட்சம் டொலர்த் திட்டம் 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தமானது. அங்கே ஒரு யன்னலின் நிழல் படகேறி வரும் எண்ணெயையும் மிச்சம் பிடிக்கிறது.

வேலையைப் பங்குனியில் தொடங்குங்கள். வாடை ஓய்ந்திருக்கும், மழை இராது, கிடுகு காயும், தச்சனுக்கும் சித்திரை நெருக்கடி தொடங்கியிராது. முதற்கிழமை வெண்கட்டிக் கோடு, இரண்டாம் கிழமை மேற்குத் தட்டி, மூன்றாம் கிழமை பிணைச்சலும் தடமும். வருடப்பிறப்புக்கு உச்சியில் வரும் வெய்யிலும், பின்னே வைகாசியில் பெயரும் சோளகமும் வரும்போது யன்னல் ஆயத்தமாக இருக்கும்.